உச்சம் வேறு, உரப்பு வேறு: டிஜிட்டல் இசைத் தொகுப்பில் ஒலியளவு சமன்பட்ட வரலாறு

வன்தட்டில் ஐயாயிரம் பாட்டுகளைச் சேர்த்துவைத்து ஷஃபிளில் ஓடவிடுபவரின் கை அடிக்கடி ஒலியளவுக் குமிழைத் தேடிப் போகும். கச்சேரிப் பதிவில் ஆலாபனை சரியாகக் கேட்கவில்லையே என்று கூட்டிவைப்பார். அடுத்து வரும் புதுப்படப் பாட்டு அறையையே அதிரவைக்கும்.

இதற்கு முதலில் கையாளப்பட்ட வைத்தியம் 'பீக் நார்மலைஸ்'. பாட்டின் மிக உயரமான அலைமுனை எதுவென்று பார்த்து, அது டிஜிட்டல் உச்சவரம்பைத் தொடும்வரை முழுப் பாட்டையும் தூக்கிவிடுவார்கள். பலன் கிடைக்கவில்லை. கச்சேரியில் மிருதங்கத்தின் ஒரே ஒரு சாப்பு வரம்பைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் பாடகரின் குரலை உயர்த்த இடமே இருக்காது. படப்பாட்டிலோ குரலும் தாளமும் நொடிக்கு நொடி வரம்பை ஒட்டியே ஓடுகின்றன. இரண்டின் உச்சமும் ஒன்றுதான்; காதில் விழும் உரப்பு ஒன்றல்ல.

எதை அளப்பது, திருத்தத்தை எங்கே எழுதிவைப்பது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இந்தத் துறை வளர்ந்தது. முதல் கேள்விக்குப் பல பதில்கள் வந்து போயின. இரண்டாவதற்கு 2001இல் கிடைத்த பதில்தான் இசைத்துறையின் போக்கையே மாற்றியது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

காதும் முள்ளும்

1933இல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் சம உரப்புக் கோடுகளை வெளியிட்டார்கள். 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை மனிதக் காது எளிதில் பிடித்துக்கொள்கிறது; அதே உரப்பில் அடித்தொனி கேட்க வேண்டுமானால் அதைவிட அதிக அழுத்தம் தேவை என்பதை அந்தக் கோடுகள் காட்டின. அதாவது மின் அழுத்தத்தை மட்டும் அளந்து உரப்பைச் சொல்லிவிட முடியாது.

1939இல் அமெரிக்க வானொலி நிறுவனங்களும் பெல் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய வியூ மீட்டர் நடைமுறைக்கு ஏற்ற சமரசம். அதன் முள் வேண்டுமென்றே மந்தமாக அமைக்கப்பட்டது. மேலேற 300 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். ஆகவே நொடிப்பொழுதில் வந்து மறையும் அலைமுனைகள் அதன் கண்ணில் படுவதில்லை. சராசரி ஓட்டத்தையே அது காட்டியது.

வரம்பை முட்டிய போட்டி

எல்பி இசைத்தட்டில் உரப்புக்கு ஓர் இயற்கைக் கட்டுப்பாடு இருந்தது. ஒலி பலமானால் பள்ளம் அகலமாக நெளியும், தட்டில் இடம் குறையும், ஊசி துள்ளும். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியில் இந்தத் தொல்லை இல்லை. 16 பிட்டில் சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைத்தது. மேலே மட்டும் தாண்டவே முடியாத ஒரு கூரை.

1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 லிமிட்டர் வந்தது. வரப்போகும் அலைமுனையை முன்கூட்டியே பார்த்து அழுத்தி, மற்றதையெல்லாம் கூரைவரை உயர்த்த இத்தகைய கருவிகள் உதவின. வானொலியில் அடுத்தவர் பாட்டைவிடத் தம் பாட்டு எடுப்பாகக் கேட்கவேண்டும் என்ற ஆசைக்கு இது தீனியானது. 2008 செப்டம்பரில் வெளிவந்த மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்தில் இந்தப் போட்டி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் இவ்வளவு நசுக்கப்படாமல் இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டு, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

பாட்டைத் தொடாத திருத்தம்

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 2001 ஜூலையில், பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் ராபின்சன் 'ரீப்ளே கெய்ன்' என்ற திட்டத்தை முன்வைத்திருந்தார். அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காதின் கூர்மைக்கு ஏற்ப அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஃபில்டர் வழியாக முதலில் அது போகும். பிறகு 50 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கப்படும். மொத்தம் 4,800 துண்டுகள். ஒவ்வொன்றின் ஆற்றலையும் கணக்கிட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயர வாரியாக நிறுத்துவதுபோல் வரிசைப்படுத்துவார்கள். சராசரி எடுப்பதில்லை. உச்சியிலுள்ள 240 துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடுத்து நிற்பதன் அளவையே பாட்டின் உரப்பாகக் கொள்வார்கள். கேட்பவரைக் குமிழைத் தேட வைப்பது பாட்டின் அமைதியான இடங்கள் அல்ல, உரத்த இடங்கள் என்பதே இதன் பின்னுள்ள தர்க்கம்.

இந்த அளவை ஒரு மேற்கோள் மட்டத்தோடு ஒப்பிட்டு, எத்தனை டெசிபல் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று கணக்கிடுவார்கள். ராபின்சன் எடுத்துக்கொண்ட மட்டம் திரைப்படத் துறையில் வழங்கிய 83 டெசிபல். ஒலி மிகவும் தணிந்துவிடுகிறது என்று பயனர்கள் உணர்ந்ததால், நடைமுறையில் அது 89 ஆனது.

கிடைத்த எண்ணைக் கோப்பின் டேக்கில் எழுதிவைத்ததுதான் இதிலுள்ள முக்கியமான முடிவு. பாட்டின் ஒலித்தரவில் ஒரு பிட் கூட மாறுவதில்லை. கேட்கும் நேரத்தில் பிளேயர் அந்த எண்ணைப் படித்து ஒலியை ஏற்றி இறக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். உச்ச அளவும் அருகிலேயே பதிவாகியிருப்பதால், கூட்டும்போது அலைமுனை வெட்டுப்படாமல் தடுக்கவும் முடியும். ஃபூபார்2000 போன்ற பிளேயர்கள் இதை ஏற்றன. ஆப்பிள் 2002இல் ஐடியூன்ஸ் 3இல் 'சவுண்ட் செக்' என்ற பெயரில் தன் சொந்த முறையைச் சேர்த்தது.

டேக்கைப் படிக்கத் தெரியாத கையடக்கப் பிளேயர்களுக்கு வேறு உபாயம் தேவைப்பட்டது. எம்பி3 கோப்பு சட்டகங்களின் வரிசை, 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சட்டகம் சுமார் 26 மில்லி நொடி. அதற்குள் 'குளோபல் கெய்ன்' என்ற எட்டு பிட் எண் இருக்கிறது. அதில் ஒன்று குறைந்தால் ஒலி 1.5 டெசிபல் இறங்கும். 'எம்பி3கெய்ன்' என்ற இலவச நிரல் சட்டகம் சட்டகமாக இந்த எண்ணை மட்டும் மாற்றியது. பாட்டை அவிழ்த்து மறுபடி சுருக்கவேண்டியதில்லை, தரமும் குறையாது. எவ்வளவு மாற்றியது என்பதையும் டேக்கில் குறித்துவைத்ததால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரே குறை, 1.5இன் மடங்குகளில்தான் நகர முடியும்.

தனிப்பாட்டா, ஆல்பமா?

ராகம் தானம் பல்லவியை மூன்று கோப்புகளாகப் பிரித்து வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே சமன்செய்தால், பாடகர் தணிவாகத் தொடங்கிய ராகமும் தனி ஆவர்த்தனம் சேர்ந்த பல்லவியும் ஒரே உரப்புக்கு வந்துவிடும். கச்சேரியின் ஏற்ற இறக்கம் போய்விடும். இதற்காகவே ரீப்ளே கெய்ன் இரண்டு எண்களை எழுதியது: ஒன்று தனிப்பாட்டுக்கு, மற்றொன்று ஆல்பம் முழுவதற்கும். ஆல்பம் எண்ணைப் பயன்படுத்தினால் எல்லாப் பாட்டும் ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும். அவற்றுக்கு இடையிலான உறவு கலையாது.

தொலைக்காட்சியிலிருந்து வந்த அளவுகோல்

அடுத்த திருப்பம் விளம்பரங்களால் வந்தது. நிகழ்ச்சி நடுவே விளம்பரம் கத்துகிறது என்ற புகார் உலகெங்கும் இருந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் பிஎஸ்.1770 என்ற அளவீட்டு முறையை வெளியிட்டது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர்128 பரிந்துரையில் −23 எல்யூஎஃப்எஸ் என்ற இலக்கை நிர்ணயித்தது. டிஜிட்டல் கூரையைச் சுழியமாக வைத்துக் கீழ்நோக்கி எண்ணும் உரப்பு அலகு இது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் விளம்பர ஒலியைக் கட்டுப்படுத்தும் 'காம்' சட்டம் கையெழுத்தானது.

புதிய முறை 400 மில்லி நொடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்துச் சராசரி காண்கிறது. ஆனால் மௌனமும் மிகத் தணிந்த பகுதிகளும் கணக்கில் சேராதபடி வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. ராபின்சன் வரிசையின் உச்சியில் தேடிய விடையை, இது அடியிலுள்ளதைக் கழித்துவிட்டு அடைகிறது.

சேவைகள் எடுத்துக்கொண்ட குமிழ்

தனிநபர் தொகுப்பில் பிறந்த யோசனை பின்னர் கோடிக்கணக்கான பாட்டுகளைக் கொண்ட ஸ்ட்ரீமிங் சேவைகளின் வழக்கமாயிற்று. ஸ்பாட்டிஃபை முதலில் ரீப்ளே கெய்னையே பயன்படுத்தியது. பின்னர் −14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு மாறியது. ஆல்பமாகக் கேட்கும்போது ஆல்பம் எண்ணையும் அது பின்பற்றுகிறது. யூடியூப் உரத்ததைக் குறைக்கிறது, தணிந்ததை உயர்த்துவதில்லை.

−8 வரை நசுக்கி ஏற்றிய பாட்டை −14 இலக்குள்ள சேவை 6 டெசிபல் இறக்குகிறது. அலை உயரம் ஏறத்தாழப் பாதியாகிறது. நசுக்கலில் பறிபோன தாளத்தின் துடிப்பு திரும்புவதில்லை. கூட்டிவைத்து முந்திக்கொள்ளும் பலன் மட்டும் போய்விடுகிறது. லிமிட்டரை இப்போதும் பலர் முறுக்குகிறார்கள். ஆனால் அந்த ஓசை பிடித்திருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்வது கடினம்.

வன்தட்டுத் தொகுப்புகளில் கணக்கு இன்னும் முடியவில்லை. பிஎஸ்.1770ஐத் தழுவிய ரீப்ளே கெய்ன் 2.0, பழைய 89 டெசிபலோடு ஒத்துப்போக −18 எல்யூஎஃப்எஸ்ஸை மேற்கோளாகக் கொண்டது. 2016இல் வெளியான ஓபஸ் கோப்பு வரையறை ஆர்128இன் −23ஐ எடுத்துக்கொண்டு, திருத்தத்தை டெசிபலின் 256இல் ஒரு பங்கு என்ற நுட்பத்தில் எழுதச் சொன்னது. இரண்டுக்கும் இடையே 5 டெசிபல். ரீப்ளே கெய்ன் எண் எழுதிய ஃபிளாக் கோப்புகளோடு ஓபஸ் கோப்புகளையும் கலந்து வைத்திருப்பவரின் பிளேயர் இந்த ஐந்தைக் கூட்டத் தெரிந்ததாக இருக்கவேண்டும். இல்லையென்றால், ஒழுங்காக அளந்து எண் எழுதிய தொகுப்பிலும் ஓபஸ் பாட்டு வரும்போதெல்லாம் அவர் கை குமிழுக்குப் போகும்.