வாரம் ஒரு கூட்டம், வாரம் ஒரு வீடு

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 'கிளப்' என்றால் ரெண்டு அர்த்தம். பையன்களுக்கு அது கிரிக்கெட் டீம். பெரியவர்களுக்கு ரோட்டரி, லயன்ஸ். பஸ் ஸ்டாப் நிழற்குடையில் பல்சக்கரச் சின்னம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தால் பேனரில் அவர்கள் பெயர் இருக்கும். போலியோ சொட்டு மருந்துக்கும் ரோட்டரிதான் முன்னால் நிற்கும். அவர்கள் 1985-ல் உலக அளவில் தொடங்கிய வேலை அது. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார், 2014-ல் நாடு போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்.

ஆனால் நான் எழுத வந்தது அவர்கள் செய்த சேவையைப் பற்றி அல்ல. அவர்களுடைய ஒரு பழக்கத்தைப் பற்றி. வாராவாரம் கூடுகிற பழக்கம்.

ரோட்டரியின் கதை நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. பால் ஹாரிஸ் என்கிற வக்கீல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1896-ல் பிழைப்புக்காகச் சிகாகோ வந்தார். தொழில் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் ஊரில் இருந்த மாதிரி பக்கத்து வீட்டு உறவு இல்லை. 1905 பிப்ரவரி 23-ந் தேதி மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு கிளப் ஆரம்பித்தார். ஒரு தடவை ஒருவர் ஆபீசில், அடுத்த தடவை இன்னொருவர் ஆபீசில் என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் 'ரோட்டரி' என்று பெயர். ஆரம்பத்தில் சேவை எல்லாம் கிடையாது. நட்பும் தொழில் தொடர்பும்தான். 1907-ல்தான் சிகாகோவில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கிளம்பினார்கள். முதலில் கூட்டம், அப்புறம்தான் சேவை. இந்த வரிசையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு குறை இருந்தது. பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி, 1989-ல் விதியை மாற்றிய பிறகுதான் பெண்களுக்கு இடம் கிடைத்தது. அதற்குள் 84 வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் பக்கத்து மற்ற கிளப்புகளும் அப்படித்தான். மூணாறில் ஹை ரேஞ்ச் கிளப் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களுக்காக வந்தது. ஆண்கள் மட்டும் குடிக்கும் அறையின் சுவரில் பழைய துரைமார்களின் தொப்பிகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொழுந்து கிள்ளிய நம் பாட்டிகளுக்கு அந்த வாசல் எதற்கு என்றே தெரியாது. கீழே கிராமங்களில் வாயனசாலைகள் உண்டு. பி.என்.பணிக்கர் 1945-ல் தொடங்கிய நூலக இயக்கம் கேரளத்தையே படிக்க வைத்தது. அங்கேயும் சாயங்காலம் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் ஆண்கள்தான்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு சின்ன பூகோளம். பாலக்காட்டையும் இடுக்கியையும் மேப்பில் பார்த்தால் ஒன்றை ஒன்று தொடாது. ஆனால் இரண்டுக்கும் கிழக்கு எல்லை தமிழ்நாடு. அங்கே வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். இங்கே போடிமெட்டு, குமுளி. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் பாலக்காடு டவுன் சென்னை ராஜ்யத்து மலபார் மாவட்டம். சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானம். தேவிகுளமும் பீர்மேடும் பழைய திருவிதாங்கூர். மொழிவழி மாநிலம் பிரித்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் கேரளாவில் நின்றன. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் ரெண்டும் கலந்து என்று எங்கள் வாழ்க்கை அமைந்தது இப்படித்தான். என் பெரியம்மா இன்றும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறார். அத்தையைக் கட்டிக் கொடுத்தது பீர்மேடு தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு.

இவர்கள் இருவரும் இன்று ஒரு கிளப்பில் உறுப்பினர்கள். பெயர் அயல்கூட்டம். பக்கத்து வீட்டார் கூட்டம் என்று அர்த்தம். எங்கள் ஜனம் 'குடும்பஸ்ரீ கூட்டம்' என்று சொல்வார்கள்.

இதன் வேர் ஆலப்புழா நகரத்தில் இருக்கிறது. 1992-93 வாக்கில் யுனிசெப் உதவியோடு குழந்தைகளின் ஊட்டச்சத்துக்காக ஒரு திட்டம் நடந்தது. யார் ஏழை என்று தீர்மானிக்க வருமானக் கணக்கைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கண்ணால் தெரியக்கூடிய ஒன்பது விஷயங்களைக் கேட்டார்கள். வீடு ஒழுகுகிறதா? குடிதண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா? கக்கூஸ் உண்டா? இரண்டு வேளைக்கு மேல் சாப்பாடு உண்டா? குடிக்கிற ஆள் இருக்கிறாரா? இப்படி. நாலு இருந்தால் அது ஏழைக் குடும்பம். அடுத்து மலப்புறத்தில் செய்து பார்த்தார்கள். 1998 மே 17-ல் பிரதமர் வாஜ்பாய் மலப்புறத்தில் குடும்பஸ்ரீயைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அக்கா தங்கை முறை என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் இங்கே குழுவைப் பஞ்சாயத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். 10 முதல் 20 வீடுகளுக்கு ஒரு அயல்கூட்டம், வார்டுக்கு ஒரு ஏ.டி.எஸ்., பஞ்சாயத்துக்கு ஒரு சி.டி.எஸ். இன்று 3 லட்சத்துக்கு மேல் அயல்கூட்டங்கள், 45 லட்சத்துக்கு மேல் பெண்கள்.

கூட்டத்தில் என்ன நடக்கும்? வாரம் ஒரு நாள். இந்த வாரம் ஒருத்தர் வீடு, அடுத்த வாரம் இன்னொருத்தர் வீடு. (சிகாகோ நினைவுக்கு வருகிறதா?) ஒரு பாட்டோடு தொடங்கும். ஆளுக்கு ஒரு சின்னத் தொகை சேமிப்பு. கடன் வாங்கியவர்கள் தவணை கட்டுவார்கள். புதுசாகக் கடன் கேட்பவர் எதற்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். பிரசிடென்ட், செக்ரட்டரி தவிர ஆரோக்கியத்துக்கு ஒருவர், வருமானத்துக்கு ஒருவர், ரோடு தண்ணீர் போன்ற வசதிகளுக்கு ஒருவர் என்று ஐந்து பொறுப்பாளர்கள். கடைசியில் மினிட்ஸ் நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை மெல்போர்னில் சாயங்காலம் நான் போன் செய்தால் அங்கே மத்தியானம். பெரியம்மாவிடமிருந்து பல நாள் வரும் பதில்: "கண்ணு, அப்பறம் கூப்புடு. இன்னைக்கு நம்மூட்டுல கூட்டம்." எழுபது தாண்டியவர். கல்யாணம், சாவு தவிர எதற்கும் வெளியே போகாத தலைமுறை. அவர் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். வீட்டு வாசலைத் தாண்ட முடியாதவர்களிடம் கூட்டமே வாசலுக்கு வந்தது.

எங்கள் எல்லைப் பக்கம் வாராவாரம் வீட்டுக்கு வருகிற இன்னொருவர் உண்டு. வட்டிக்காரர். பைக்கில் வருவார், நோட்டைப் பிரிப்பார், பணம் இல்லை என்றால் தெரு கேட்கப் பேசுவார். அவருடைய பலமே வாராவாரம் வருவதுதான். மாசச் சம்பளம் இல்லாத கூலி வீட்டில் வாரம்தான் கணக்கு. அயல்கூட்டமும் அதே வாரக் கணக்கைப் பிடித்தது, ஆனால் எதிர்த் திசையில். அவர் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் போவார், இது வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து வைக்கும். வட்டியும் கூட்டத்துக்கே திரும்பி வரும். 2018-ல் கேரள அரசு 'முற்றத்தே முல்லை' என்று ஒரு கடன் திட்டத்தை முதலில் பாலக்காடு மாவட்டத்தில்தான் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கத்தின் பணத்தைக் குடும்பஸ்ரீ பெண்களே வீடு தேடிப் போய்க் கொடுத்து, வாராவாரம் வசூலிப்பார்கள். தொடங்கியபோது 1,000 முதல் 25,000 ரூபாய் வரை கடன். வட்டிக்காரரின் வழியிலேயே போய் அவரை மடக்குகிற வேலை!

இனி மலைக்கு வருவோம். அத்தை இருப்பது லயம். ஒரே கூரை, வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். வேலை இருக்கும் வரைதான் வீடு. ஞாயிறு ஒரு நாள் லீவு. அன்றுதான் துணி, விறகு, சர்ச் அல்லது கோயில். அதற்கு நடுவே ஒரு மணி நேரம் கூட்டம். அத்தையின் கூட்டத்தில் எல்லோரும் பேசுவது தமிழ். மேலே போகிற தாள்கள் மலையாளம். அதனால் அவர்களே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மலையாளம் படித்த ஒரு பிள்ளை ஒவ்வொரு தாளையும் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். "படிச்சுக் காட்டாம கையெழுத்துப் போட மாட்டோம்" என்பார் அத்தை.

இது சின்ன விஷயம் இல்லை. 1969-ம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் இருக்கும் தமிழரும் கன்னடரும் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. தமிழில் மனு எழுதுகிற கை வேண்டும், அதில் கையெழுத்துப் போட நாலு பேர் வேண்டும். தனி ஆள் போனால் "மலையாளத்தில் எழுதிக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்புவது சுலபம். பதினைந்து பேர் சேர்ந்து போனால் சுலபம் இல்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத்துப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று சேர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி வைத்து, 20 சதவீத போனசுக்காகப் போராடி வாங்கியது உலகத்துக்கே தெரியும். அதைக் குடும்பஸ்ரீ நடத்தவில்லை. நான் சொல்ல வருவது வேறு. போராட்டம் சில நாளில் முடிந்துவிடும், அதுதான் அதன் இயல்பு. அதற்கு முந்தைய வாரமும் அடுத்த வாரமும் நோட்டைப் பிரித்து உட்கார ஒரு இடம் வேண்டும் அல்லவா? அந்த இடம்தான் அயல்கூட்டம்.

அவசரம் வரும்போது இந்தப் பழக்கத்தின் மதிப்பு தெரிகிறது. 2013-ல் அட்டப்பாடியில் ஆதிவாசிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி வந்தபோது, அங்கே குடும்பஸ்ரீ வழியாக ஊர் ஊராகச் சமூகச் சமையலறைகள் வந்தன. பிறகு அந்தப் பெண்கள் ராகி, சாமை விதைத்து 'ஹில் வேல்யூ' என்ற பெயரில் விற்கவும் தொடங்கினார்கள். 2018 வெள்ளத்தில் வீடு வீடாகச் சேறு அள்ளியவர்களில் இவர்கள் உண்டு. தங்கள் வாரச் சேமிப்பிலிருந்து முதல்வர் நிவாரண நிதிக்கு 7 கோடி ரூபாய் கொடுத்தார்கள். 2020 ஊரடங்கில் சமூகச் சமையலறைகளிலும், பிறகு 20 ரூபாய்ச் சாப்பாட்டுக் கடைகளிலும் அடுப்பு எரித்தவர்கள் இவர்களே. யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்கு யாரும் லிஸ்ட் கொடுக்க வேண்டியதில்லை. வாராவாரம் அந்த வீட்டுத் திண்ணையில்தானே உட்காருகிறார்கள்!

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க இதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற புகார் உண்டு. அரசு செய்ய வேண்டிய வேலையை எல்லாம் குறைந்த காசுக்கு இந்தப் பெண்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பதும் நியாயமான கேள்வி. வீட்டு வேலை, கூலி வேலை, அதற்கு மேல் இது. ஆனால் பஞ்சாயத்தில் பெண்களுக்குப் பாதி இடம் என்று வந்து, 2010-ல் முதல் தேர்தல் நடந்தபோது, நிற்பதற்குப் பழக்கப்பட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் தயாராக இருந்தார்கள். எங்கே பழகினார்கள்? பக்கத்து வீட்டுத் திண்ணையில்.

2016-ல் ரோட்டரி தன் விதியைத் தளர்த்தியது. வாராவாரம் கூட வேண்டாம், மாதம் இரண்டு முறை போதும். மக்களுக்கு நேரம் இல்லை, என்ன செய்வது! சிகாகோ வியாபாரிகள் தொடங்கிய வாரப் பழக்கத்தை இன்று விடாமல் பிடித்திருப்பது, நேரமே இல்லாத நம் அம்மாக்களும் அத்தைகளும்தான்.

நமக்கு இங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பொங்கல், சித்திரை, தீபாவளி என்று வருஷத்துக்கு மூன்று தடவை பட்டுப்புடவை கட்டி, பிள்ளைகளை ஆட வைத்து, சாப்பிட்டுக் கலைகிறோம். நல்லதுதான். ஆனால் ஒரு வீட்டில் வேலை போனாலோ, ஊரில் அப்பா தவறிப்போய் டிக்கெட் எடுக்கக் கை நடுங்கினாலோ, அந்த முந்நூறு பேரில் யாருக்குப் போன் செய்வது என்று தெரியாத வீடுகள் நம்மிடையே உண்டு. விழாவுக்கு வருபவர்களுக்கு நம் புடவை தெரியும், நம் கஷ்டம் தெரியாது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு குடும்பங்கள். வாரம் ஒரு வீடு, ஒரு மணி நேரம். டீயும் முறுக்கும் போதும், பிரியாணி போட்டால் மூன்றாவது வாரமே நின்றுவிடும். ஆளுக்கு ஐந்து டாலர் ஒரு டப்பாவில். ஒரு நோட்டு. யார் வந்தார்கள், என்ன பேசினோம் என்று ஒரு பிள்ளை தமிழில் எழுதட்டும், தப்பும் தவறுமாக எழுதினாலும் பரவாயில்லை. சேவை என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க வேண்டாம். ஒரு வருஷம் விடாமல் கூடினால், செய்ய வேண்டியது என்ன என்பது தானாகவே நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.