வெறிநாய்க்கடி: மலாயாவும் சென்னையும் கற்ற பாடம்



தேயிலை மலையில் வாழும் நமக்கு, இன்னொரு தேயிலை மலையிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். நீலகிரியின் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு பாஸ்டர் ஆய்வுக்கழகம் திறக்கப்பட்டது. அதற்குமுன் தென்னாட்டில் வெறிநாய் கடித்தவர் ஊசிக்காக வடக்கே கசௌலி மலைவரை இரயிலேற வேண்டியிருந்தது. குன்னூரில் ஆட்டு மூளையிலிருந்து மருந்து செய்தார்கள். வயிற்றைச் சுற்றிப் பல நாள் போட்ட அந்த ஊசிகளை நம் பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை.

கடிபட்டவருக்கு மருந்து வந்துவிட்டது. கடிக்கும் நாயை என்ன செய்வது? அரசுகள் அறிந்த வழி ஒன்றே: கொல்லுதல். சென்னை மாநகராட்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தொடங்கியது. புளூ கிராஸ் அமைப்பின் கணக்குப்படி, 1996 அளவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. நாயும் ஒழியவில்லை, நோயும் ஒழியவில்லை. காரணம் எளியது. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் குப்பைமேட்டு உணவு அங்கேயே கிடக்கிறது. பக்கத்துத் தெரு நாய்கள் வந்து சேர்கின்றன, குட்டிகளும் மிகுதியாய்ப் பிழைக்கின்றன. வந்தவை எதற்கும் ஊசி போடப்பட்டிருக்காது.

கேப்டன் சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் 1960-களிலேயே மாற்றுவழியைக் கூறியது: நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டி, பிடித்த தெருவிலேயே விடுவது. மாநகராட்சி இதை ஏற்க 1996 ஆயிற்று. 2001-இல் இந்திய அரசு இதனை விதியாக்கியது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: நோயைத் தடுப்பது ஊசியே, கருத்தடையன்று. குட்டிகள் பெருகினால் ஊசி போட்ட நாய்களின் விகிதம் சரிந்துவிடும். கருத்தடை அந்தச் சரிவைத் தடுக்கிறது. நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். விதி இருந்தும் பல இந்திய நகரங்கள் அந்த அளவை எட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

நம் நாட்டு வரலாறு பலருக்குத் தெரியாது. 1952-இல் கோலாலம்பூரில் வெறிநோய் பரவியபோது, கோழிக்கருவில் வளர்த்த புதிய தடுப்பூசியை நாய்களுக்குக் கட்டாயமாகப் போட்டார்கள். தெருநாய்களைக் கொல்லவும் செய்தார்கள். ஆயினும் உலகம் மலாயாவிடம் கற்றது ஊசியின் ஆற்றலைத்தான். பின்னர்த் தாய்லாந்து எல்லையோரம் 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்திற்கு நாய்களுக்கு ஊசி போட்டு ஒரு தடுப்பு வளையம் அமைக்கப்பட்டது. மலேசியா வெறிநோயற்ற நாடாகவும் அறிவிக்கப்பட்டது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல ஆணையிடப்பட, பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2017-இல் சரவாக்கில் நோய் நுழைந்தது. முதலில் பலியானவர்கள் சிறு பிள்ளைகள்.

இதைப் படித்தபோது நம் வகுப்பறைதான் என் நினைவுக்கு வந்தது. நாய் பிறாண்டியதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. அடி விழும் என்ற அச்சம். அறிகுறி தோன்றிவிட்டால் இந்நோய்க்கு ஏறக்குறைய மருந்தே இல்லை. ஆகவே சிறு கீறலாயினும் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏன் நாயிடம் போனாய் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.