தவறணையும் குத்தகையும்

நிலாவெளிக்கு வடக்கே, கடலும் களப்பும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது இறக்கக்கண்டி. அதுபோன்ற திருகோணமலைக் கரையூர்களிலும் ஈழத்தின் பிற தமிழூர்களிலும் கள் விற்கும் இடத்துக்குத் ‘தவறணை’ என்பது பெயர். இலத்தீனில் ‘தபெர்னா’ என நின்று, போர்த்துக்கேயத்தில் ‘தவெர்னா’ ஆகிய சொல்லின் மரபில் வந்தது இது. கள் தமிழர்க்குப் பழையது. அதனை விற்குமிடத்தின் பெயரோ கடல் கடந்து வந்தது. இம்முரண்பாட்டினுள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியுள்ளது.

பண்டைக் காவிரிப்பூம்பட்டினத்தில் மது விற்கும் மனைகளின்மேற் கொடிகள் பறந்தமையைப் பட்டினப்பாலை கூறும். சிலப்பதிகாரம் அந்நகர் மாந்தரை எண்ணுமிடத்துக் கள் விற்கும் பெண்டிரையும் சேர்த்தே எண்ணும். விற்பவர் தம் மனைவாயிலிற் கொடியுயர்த்தி விற்ற அந்நிலை, ஐரோப்பியர் ஆட்சியில் இலங்கையில் முற்றிலும் வேறுபட்டது. விற்கும் உரிமை அரசின் உடைமையாயிற்று; அவ்வுரிமையே விலைப்பொருளாயிற்று.

இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளக் கள்ளின் இயல்பை அறிதல் வேண்டும். பாளையைச் சீவி முட்டியில் ஏந்தும் சாறு சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். முட்டியினுட் சுண்ணாம்பு பூசினால் அது புளியாது கருப்பநீராக நிற்கும், பூசாவிடின் கள்ளாகும். கள் நெடுநாள் நில்லாது. ஆதலால் அதனை மரத்துக்கு அண்மையிலேயே விற்றல் வேண்டும். காய்ச்சி வடித்த சாராயமோ கெடாது. பீப்பாயில் அடைத்து மலைநாட்டுக்கும் துறைமுகத்துக்கும் அனுப்பத்தக்கது. எனவே, கள் சிறு முதலுடையோரின் தொழிலாகவும் சாராயம் பெருமுதலாளரின் வாணிகமாகவும் பிரிந்தன.

ஒல்லாந்தர் கைக்கொண்ட சாராயக் குத்தகை முறையை, 1795 இல் திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்படும். மிகுந்த தொகை கேட்டவர் பிணை கொடுத்து, அத்தொகையைத் தவணைகளாகச் செலுத்துவர். அவர் தம் பகுதித் தவறணைகளைப் பிறர்க்குக் கீழ்க்குத்தகைக்கு விடுவர். அரசுக்கு இதனால் இருவகை நன்மை: வருவாய் முன்னரே உறுதியாயிற்று; அதனைத் திரட்டும் தொல்லையும் பழியும் குத்தகைக்காரரைச் சார்ந்தன. குடிப்பவன் கொடுத்த காசின் ஒரு பகுதி உண்மையில் வரியே. தவறணைக்காரன் சம்பளமில்லா வரிதண்டுவோனாக விளங்கினான்.

இவ்வழியிற் பெருஞ்செல்வர் பலர் தோன்றினர். அவருட் பலர் மொறட்டுவை, பாணந்துறை ஆகிய தென்மேற்குக் கரையூரினர். மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டீ சொய்சா மலைநாட்டுச் சாராயக் குத்தகைகளாற் பொருளீட்டினார். 1837 இல் அங்குராங்கெத்தையிலிருந்த அரசத் தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டார். 1853 இல் முதலியார் பட்டம் பெற்றார். அவர் மைந்தர் சார்ல்ஸ் ஹென்றி டீ சொய்சாவின் கொடையால், 1879 இற் கொழும்பில் மகப்பேற்று மருத்துவமனையொன்று எழுந்தது. அம்மருத்துவமனை இன்றும் அக்குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் பழைய ஒழுங்கைக் குலைத்தது. கள் விற்பனையும் சாராய விற்பனையும் பிரிக்கப்பட்டன; கள்ளுத் தவறணைகள் புதிதாகப் பல திறக்கப்பட்டன. 1904 இலேயே தொடங்கியிருந்த மதுவிலக்கு இயக்கம் இதனால் மீண்டும் பேரெழுச்சி பெற்றது. மக்கள் குடியை மட்டும் எதிர்க்கவில்லை; குடியால் வாழ்ந்த ஆட்சியையும் எதிர்த்தனர். ஆதலின் ஆட்சியாளர் அவ்வியக்கத்தை ஐயுற்றனர். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது எவ். ஆர். சேனாநாயக்கா, டீ. எஸ். சேனாநாயக்கா, டீ. பி. ஜயதிலக்கா முதலிய மதுவிலக்குத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர்.

பின்னர், ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் உரிமை கிடைத்தது. யாழ்ப்பாணத்திற் பல தவறணைகள் அவ்வாறு மூடப்பட்டன. 1972 இல் வடக்கிற் கள்ளிறக்குவோரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மரமேறுவோர் தம் உழைப்பின் பயனை அச்சங்கங்கள் வழியாக விற்றனர்.

இவ்வரலாற்றில் மறத்தலாகாத உண்மையொன்று உண்டு. மரத்தினின்று இறங்கிய கள்ளைச் சமூகம் ஏற்றது, மரமேறியவரை ஏற்கவில்லை. கோயிலிலும் கிணற்றடியிலும் அவரை ஒதுக்கியோர், தவறணையில் அவருழைப்பைப் பருகினர். குத்தகைக்காரரின் பெயர் மருத்துவமனைகளிலும் வீதிகளிலும் நிலைத்தது. தவறணைக்காரரின் பெயரோ, நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து மரமேறியவரின் பெயரோ யாண்டும் பொறிக்கப்படவில்லை.

ஓலையால் வேய்ந்த பழைய தவறணைகள் அழிபாடு எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவை விட்டுச் சென்றது ஒரு சொல்லே. குடியின் கேட்டை மாணவர்க்கு உணர்த்துதல் கடனே. ஆயினும், அக்கேட்டால் அரசு பெற்ற வருவாயையும், பழியை மட்டும் பெற்ற உழைப்பாளரையும் உடன் உணர்த்தாவிடின் அப்பாடம் குறையுடையதேயாகும்.