ஆற்று வளைவில் ஒரு துறைமுகம்

பேராக் ஆறு கடலை அடையுமுன் பெரிதாக வளைந்து திரும்புமிடத்தில் அமைந்த நகரம் தெலுக் இந்தான். 1882இல் ஆன்சன் எனும் ஆங்கில அதிகாரியின் பெயரால் தெலுக் ஆன்சன் என வழங்கப்பெற்று, சரியாக நூறாண்டு கழித்து, 1982இல், இன்றைய பெயரைப் பெற்றது. 'இந்தான்' என்பது வைரத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்.

இங்கு வருவோர் முதலில் தேடுவது சாய்ந்த கோபுரத்தையே. 1885இல் லியோங் சூன் சோங் எனும் சீனர் அதனைக் கட்டினார். வெளியிலிருந்து நோக்க எட்டு மாடிகள் தோன்றும். உள்ளே இருப்பவையோ மூன்றே. உச்சியில் கடிகாரமும், உள்ளே நகருக்கு நீர் வழங்கிய தொட்டியும் அமைந்தன. மென்மையான மண்ணால் நீரின் பாரத்தைத் தாங்க இயலவில்லை, கோபுரம் சாய்ந்தது. இதனைப் பைசா கோபுரத்தோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அது தேவாலய மணிக்கூண்டு. இது தண்ணீர்த் தொட்டி. சாய்வைத் தவிர இரண்டிற்கும் உறவில்லை.

கோபுரத்தைவிட ஆறே இந்நகரின் வரலாற்றைக் கூறும். கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலக்கிறது. ஆகவே, ஈப்போ வட்டாரத்தில் தோண்டிய ஈயம் படகேறி இத்துறைக்கு வந்து, கப்பல் வழியே வெளியேறியது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து இருப்புப்பாதையும் துறைமுகத்தை எட்டியது. ஆனால் துறைமுகத்தை வளர்த்த இருப்புப்பாதையே அதன் சிறப்பையும் குறைத்தது. 1903இல் பிறைக்கும் சிரம்பானுக்கும் இடையே தண்டவாளம் தொடர்ச்சியாக அமைந்தபின், ஈயத்திற்கு ஆற்றுவழியை நம்பியிருக்கும் தேவை அற்றுப்போயிற்று. 1942 சனவரித் தொடக்கத்தில் சப்பானியப் படையும் இவ்வாற்று வழியேதான் நகருள் புகுந்தது. கம்பாரில் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படை பின்வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழரின் பங்கு ஆற்றங்கரைக்கு அப்பால், தோட்டங்களில் தொடங்குகிறது. 1906இல் வெஸ்டன்ஹோல்ஸ் எனும் டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் அருகிலுள்ள செண்டராத்தாவில் தோட்டம் தொடங்கினார். இத்தகைய தோட்டங்களுக்காகக் காடழித்து, வடிகால் வெட்டி, சதுப்பைத் தென்னையும் ரப்பரும் விளையும் நிலமாக்கியோருள் தமிழகத்துக் கூலித் தொழிலாளர் பலர். கோபுரம் கட்டியவரின் பெயரை வழிகாட்டி நூல்கள் தவறாமல் கூறுகின்றன. கால்வாய் வெட்டியோரின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்து, பழைய லயங்களும் குறைந்துவிட்ட இந்நாளில் அப்பெயர்களைத் தேடுவது மேலும் கடினமாகியுள்ளது.

வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரோ தம் சுவட்டைக் கல்லில் விட்டுச்சென்றனர். அவர்களது தண்டாயுதபாணி ஆலயத்தில் சித்திரா பௌர்ணமி விழாவிற்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அந்நாளில் வருவோர், கோபுரத்தைக் கண்டபின் ஆற்றங்கரைக்கும் சென்று வரலாம்.