பழைய பென்ஸ் காரின் பவர் ஸ்டீயரிங்: அசல் பாகங்களைப் புதுப்பிக்கும் முறை

ஸ்டீயரிங் பெட்டியின் அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கினால் பழைய கார் வைத்திருப்பவருக்குப் பல பட்டறைகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கழற்றிப் போட்டுவிட்டு வேறு பெட்டி மாட்டிவிடலாம்." வேறு பெட்டி என்றால் ஹாஃப் கட் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ கிடப்பது. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த விபத்தில் சிக்கிய காரிலிருந்து வந்தது என்பது விற்பவருக்கே தெரியாது. வீசப்படும் அசல் பெட்டியில் கெட்டிருப்பது பெரும்பாலும் ரப்பர் சீல்கள் மட்டுமே. உள்ளே உள்ள இரும்பு நன்றாக இருந்தால், முறையாகப் புதுப்பித்த அசல் பெட்டி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123. 1976 தொடக்கத்தில் அறிமுகமாகி 1980களின் நடுப்பகுதி வரை தயாரான இந்த வரிசையில் ஏறக்குறைய 27 லட்சம் கார்கள் உருவாயின. 200, 230இ, 240டி, 280இ என்ற பெயர்ப் பலகைகளைப் பார்த்தவர்கள் நம் ஊரிலும் ஏராளம். அதற்கு முந்தைய பென்ஸ் டீசல் கார்கள் வெளியூர் டாக்சிகளாக ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் டபிள்யூ 123 கார்களில் பவர் ஸ்டீயரிங் கூடுதல் விலைக்குக் கிடைத்த வசதி. 1982 செப்டம்பரில் செய்யப்பட்ட மாற்றத்துக்குப் பிறகுதான் எல்லாக் கார்களுக்கும் அது பொதுவானது.

பவர் ஸ்டீயரிங் அதைவிடப் பல ஆண்டு மூத்தது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களின் நடுவிலேயே பியர்ஸ் ஆரோ கார் ஒன்றில் அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த சாதாரணக் காரில் அது இடம்பெற்றது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில்.

எப்படி வேலை செய்கிறது?

இயந்திரத்தின் பெல்ட் ஒரு பம்ப்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டிக்குள் திருகு வடிவத் தண்டு ஒன்றும், அதன்மேல் நகரும் பிஸ்டனும் உண்டு. திருகுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் சுற்றிச் சுற்றி ஓடுவதால் உராய்வு குறைவு. பிஸ்டனின் பற்கள் கீழ்த் தண்டின் பற்களோடு கோத்திருக்கும். அந்தத் தண்டின் முனையில் உள்ள கைதான் சக்கரங்களைத் திருப்புகிறது. ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அதற்கேற்பப் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு எண்ணெயைத் திருப்பி விடுவது வால்வின் வேலை. நின்ற இடத்தில் முழுமையாக ஒடிக்கும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கைகள் பலவற்றுக்கும் இந்த எண்தான் காரணம்.

பம்ப் நின்றாலும் ஸ்டீயரிங் அறுந்துபோகாது. கை வலிக்கத் திருப்பலாம். உயிருக்கு ஆபத்து வருவது எண்ணெய் ஒழுகுவதால் அல்ல, தண்டோ கையோ பிளவுபடுவதால். பல உரிமையாளர்கள் ஒழுகலுக்குப் பதறிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்

பெட்டியில் எண்ணெய் படிந்திருந்தால் பெட்டிதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டக்கூடாது. இயந்திர எண்ணெயும் வழிந்து அதன்மேல் இறங்கும். எல்லா இடத்தையும் மண்ணெண்ணெய் கொண்டு கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரை லேசாகத் தூவிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் போதும். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் ஒழுகல். செலவில்லாத பழைய உத்தி இது.

ஸ்டீயரிங் ஆட்டம் கண்டால் மேலும் நிதானம் வேண்டும். டை ராடு முனைகள், எதிர்ப்பக்கம் இருக்கும் ஐட்லர் கையின் புஷ், ஸ்டீயரிங் தண்டையும் பெட்டியையும் சேர்க்கும் இணைப்பான், அதிர்வு தாங்கி ஆகிய அனைத்தையும் பார்த்த பிறகே பெட்டியின்மேல் பழி போட வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலம் லேசாக ஆட்ட, மற்றொருவர் கீழிருந்து ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்த்தால் ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

இதைச் செய்யாமல் பெட்டியின் மேலுள்ள சரிப்படுத்தும் திருகை முடுக்கிவிடுவது நம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கும் குறுக்கு வழி. இந்தப் பெட்டிகளில் பற்கள் இறுக்கமாகக் கோத்திருப்பது சக்கரம் நேராக இருக்கும்போது மட்டுமே. ஓரங்களில் இயல்பாகவே சிறிது தளர்வு இருக்கும். சக்கரம் ஒடிந்திருக்கும் நிலையில் திருகை இறுக்கினால் நடுவில் வந்து பிடித்துக்கொள்ளும். வளைவு திரும்பியபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. மழைநாளில் நெடுஞ்சாலையில் அப்படி ஒரு கார் எப்படி ஓடும் என்று விளக்கத் தேவையில்லை. திருகைச் சரிசெய்வதானால் இயந்திரத்தை நிறுத்தி, இணைப்புக் கம்பிகளைக் கழற்றி, பெட்டியைச் சரியாக நடுவில் வைத்து, கையேட்டில் குறித்த இறுக்க அளவைக் கருவியால் அளந்து செய்ய வேண்டும்.

பெட்டியைப் பிரித்தல்

கீழ்த் தண்டின் கையைக் கழற்றுமுன் தண்டிலும் கையிலும் ஒரே நேராகப் புள்ளி குத்திக்கொள்வது அவசியம். புல்லர் போட்டு இழுக்க வேண்டும், சுத்தியலால் அடிக்கக்கூடாது. அடி உள்ளே உள்ள குண்டுகளுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும்.

பிரித்தபின் முதல் வேலை கண்ணால் பார்ப்பது. தண்டின் வரிப்பற்கள் முறுக்கிக்கொண்டு சாய்ந்திருந்தால், அந்தக் கார் எப்போதோ கால்வாயிலோ கல்லிலோ பலமாக மோதியிருக்கிறது என்று பொருள். அந்தத் தண்டு கழிவுக்குத்தான். விரிசல் தேட நிற மை தெளிக்கும் சோதனை உண்டு. லோரிகளையும் கனரக இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் பெரிய பட்டறைகளில் இதைச் செய்துதருவார்கள். கீழ்த் தண்டையோ கையையோ வெல்டிங் செய்து ஒட்டுவது எக்காரணம் கொண்டும் கூடாது. அடித்து உருவாக்கிய எஃகு, வெல்டிங் சூட்டில் தன் பலத்தை இழக்கும்.

எஃகுக் குண்டுகளைத் தொடாமல் விடுவது நல்லது. அவை மிக நுண்ணிய அளவு வேறுபாட்டில் தேர்ந்தெடுத்துத் திருகோடு பொருத்தப்பட்டவை. ஒன்று தொலைந்தால் கடையில் வாங்கிய வேறொன்றைச் சேர்க்க முடியாது. சேர்த்தால் சுமை முழுவதும் பெரிய குண்டின்மேல் விழும்.

சீல் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என மூன்று எண்கள் இருக்கும். அதே எண்கள் கொண்ட சாதாரண எண்ணெய் சீலைச் சில வெள்ளிக்கு வாங்கி அடித்துவிடலாம், அது உட்கார்ந்தும் விடும். ஆனால் கீழ்த் தண்டின் சீல் அழுத்தம் தாங்கும் வகையைச் சேர்ந்தது. சாதாரண சீல் முதல் முழு ஒடிப்பிலேயே பிதுங்கி வெளியே வரும். ஆகவே எண்களோடு வகையையும் சொல்லிக் கேட்க வேண்டும். பெட்டிக்கென்றே முழு சீல் தொகுப்பாக வாங்குவது இன்னும் நல்லது. பென்ஸ் நிறுவனத்தின் கிளாசிக் பிரிவு பழைய மாடல்களுக்கான பாகங்களை இன்றும் விற்கிறது.

புது சீல் போட்டும் ஒழுகினால் தண்டைப் பார்க்க வேண்டும். பல்லாண்டு உராய்வில் பழைய சீலின் உதடு தண்டில் பள்ளம் தோண்டியிருக்கும். நகத்தால் வருடினால் தடுக்கும். அதற்கு இரண்டு வழிகள்: மெல்லிய எஃகு உறையைத் தண்டின்மேல் ஏற்றுவது, அல்லது கடின குரோம் பூசி அசல் அளவுக்குக் கடைந்து தேய்ப்பது. முதலாவது மலிவு. இரண்டாவது, வேறு தண்டே கிடைக்காத கார்களுக்கு.

பம்ப்

பம்ப்பின் மேலேயே எண்ணெய்க் குடுவை அமர்ந்திருக்கும். அதனுள் காகித வடிகட்டி ஒன்று உண்டு. அது இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் மாற்றாமல் விடப்பட்ட கார்கள் அதிகம்.

பம்ப்பைப் பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். நடுவில் சுழலும் உருளையும் அதன் பள்ளங்களில் நழுவும் சிறு தகடுகளும், அவற்றைச் சுற்றி ஒரு வளையமும் இருக்கும். தகடுகளின் உருண்ட முனை வளையத்தைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் பம்ப் ஊளையிடும், அழுத்தமும் வராது. வளையத்தின் உட்புறத்தில் அலை அலையாகத் தேய்ந்திருந்தாலோ, பக்கத் தகட்டில் ஆழமான கீறல் இருந்தாலோ சீல் மாற்றுவதால் பயனில்லை. அளவுக் கட்டுப்பாட்டு வால்வு தன் துளையில் தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். சிக்கினால் மிக மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுப் பழுப்புப் படிவை மட்டும் நீக்கலாம். வால்வின் கூர் விளிம்பை மழுக்கிவிடக்கூடாது.

குழாய்க்கு நம் ஊரிலேயே நல்ல வழி உண்டு. செம்பனை ஆலைகளுக்கும் மண்வாரி இயந்திரங்களுக்கும் ஹைட்ராலிக் குழாய் செய்துதரும் கடைகள் தொழிற்பேட்டைகளில் இருக்கின்றன. அசல் குழாயின் இரும்பு முனைகளை வைத்துக்கொண்டு புது ரப்பரை மட்டும் அழுத்திப் பொருத்தித் தருவார்கள். அழுத்தக் குழாய்க்கு அழுத்தம் தாங்கும் ரகமே வேண்டும். திரும்பு குழாய்க்குத் தண்ணீர்க் குழாயைப் போடுவோர் உண்டு. எண்ணெய் பட்டு அது சில மாதங்களில் ஊதிக் கூழாகும்.

எண்ணெய் ஊற்றுதல்

அக்காலப் பென்ஸ் கார்களுக்கு ஏடிஎஃப் வகை எண்ணெய்தான். சரியான ரகத்தைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு பிரேக் எண்ணெயை ஊற்றுவது செய்த வேலையையெல்லாம் பாழாக்கும். அதன் வேதிப்பொருள் இந்த சீல்களுக்கு ஒத்துவராது.

முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இயந்திரத்தை இயக்காமல் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் மெதுவாகப் பலமுறை திருப்ப வேண்டும். குறையும் எண்ணெயை நிரப்பிக்கொண்டே இருந்தால் காற்று வெளியேறும். பிறகுதான் இயந்திரத்தை முடுக்க வேண்டும். எண்ணெய் நுரைத்து வெளுத்தால் இன்னும் காற்று இருக்கிறது, சிறிது நேரம் விட்டுத் தொடர வேண்டும். கோடி வரை ஒடித்து ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருப்பது பம்ப்புக்குக் கேடு. காரை ஓட்டும்போதும் அப்படித்தான்.

மலேசியாவில் கார் கைமாறும்போது நடக்கும் சோதனையில் ஸ்டீயரிங் ஆட்டமும் பார்க்கப்படும். சிங்கப்பூரில் 35 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குக் கிளாசிக் வாகனத் திட்டம் உண்டு. அத்தகைய காருக்கு அசல் பாகங்களோடு இருப்பதே மதிப்பு. கழற்றிய அசல் பெட்டி உடனே புதுப்பிக்க முடியாத நிலையில் இருந்தாலும் அதை இரும்புக் கடைக்கு விடாமல், எண்ணெய் பூசி, துளைகளை அடைத்து, கார் எண்ணை எழுதிப் பத்திரப்படுத்தலாம்.

பொருத்தியபின் முதல் 500 கிலோமீட்டர் வரை வாரம் ஒருமுறை எண்ணெய் மட்டத்தையும் பெட்டியின் அடியையும் பார்த்துவர வேண்டும். அதற்குள் எண்ணெய் கறுத்திருந்தால் பழைய படிவு இன்னும் கழுவப்படுகிறது என்று பொருள். எண்ணெயையும் வடிகட்டியையும் மீண்டும் ஒருமுறை மாற்றிவிடலாம்.