ஸ்லேட்டர் கிராமங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு ஊர்களின் நிலம், கூலி, கடன் நிலவரத்தை ஆராய்ந்து 1918இல் நூலாக்கினார். அவ்வூர்களை 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மீண்டும் ஆய்ந்தனர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் முதலியோர் அவற்றுள் இருவேல்பட்டையும் காஞ்சிபுரத்தை அடுத்த தூசியையும் ஆராய்ந்தனர். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைத் தலைமுறை கடந்து காட்டுவதே இத்தொடரின் அரிய பலம். மாநிலச் சராசரிகள் அதைக் காட்டுவதில்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபின் உருமாறிய ஒரகடம், குன்றத்தூர் வட்டாரத்துக்கு இந்த மறுஆய்வு முறை மிகவும் தேவை. அங்கே வாடகை அறைகளில் தங்கும் வெளியூர்த் தொழிலாளர் பலர் உள்ளூர் வாக்காளர் அல்லர். எனவே கிராமசபையிலும் உறுப்பினர் அல்லர்; அவர்கள் நிலையையும் அத்தகைய மறுஆய்வு பதிவுசெய்ய வேண்டும்.