எழுத முடியாத தட்டில் எழுதிய கதை

கேரளத்து அரசுப் பள்ளிகளில் கணினி என்றால் பெரும்பாலும் லினக்ஸ்தான். பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதே பாடம், அதே இயங்குதளம்.

2001-இல் பள்ளிகளில் கணினிக் கல்விக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகள் விலைகொடுத்து வாங்கும் மென்பொருளைக் கைவிட்டன. பள்ளிகளுக்கென்று தொகுத்த லினக்ஸ், முதலில் டெபியனையும் பிறகு உபுண்டுவையும் அடித்தளமாகக் கொண்டது. 2017-இல் கேரள அரசின் கைட் நிறுவனம் அந்தத் திட்டத்தின் பொறுப்பை ஏற்றது.

உபுண்டு வகைத் தட்டில் ஒரு வசதி உண்டு. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், டிவிடியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேராக, 'லைவ்' நிலையில், இயக்கிப் பார்க்கலாம். தட்டில் இருப்பது படிக்க மட்டுமே ஆன சுருக்கப்பட்ட கோப்பு. அப்படியானால் பிள்ளை வரைந்த படமும் ஆசிரியர் மாற்றிய அமைப்பும் எங்கே போய் உட்காருகின்றன? ரேமில்தான். அந்த இடத்தை ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்க நிரலாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸ் 1992-இலேயே இக்ட்ராசில் என்ற பெயரில் வந்துவிட்டது. பரவலாக்கியது ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்ட நாப்பிக்ஸ். ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளை 700 எம்பி சிடிக்குள் சுருக்கி அடைத்தார் அவர். ஆனால் தொடக்கத்தில் வீட்டு அடைவு போன்ற சில இடங்களை மட்டும் ரேமுக்குத் திருப்பிவிட்டார்கள். மற்ற இடங்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. புது மென்பொருள் நிறுவுவது பெரும்பாடு.

2005-இல் நாப்பிக்ஸ் 3.8 யூனியன்எஃப்எஸ்ஸைச் சேர்த்ததும் நிலைமை மாறியது. நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் சடோக் குழு உருவாக்கியது அது. வரைபடத்தின் மேல் பட்டர் பேப்பர் விரித்து வரைவதுபோல, அடியில் மாறாத தட்டு, மேலே ரேம் அடுக்கு. பயனருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். 2006-இல் ஜப்பானின் ஜுன்ஜிரோ ஒகாஜிமா அதே வேலைக்காக ஏயூஎஃப்எஸ்ஸை எழுதினார். இரண்டையும் லினக்ஸின் மைய கெர்னல் ஏற்கவில்லை. மிக்லோஷ் செரெடியின் ஓவர்லேஎஃப்எஸ்தான் 2014 டிசம்பரில், 3.18 பதிப்பில், உள்ளே நுழைந்தது.

இந்த அடுக்கின் குணத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே வைக்கலாம். கணினியின் நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு வழி குறைவு. அடியிலுள்ள ஒரு பெரிய கோப்பில் ஒரே எழுத்தைத் திருத்தினாலும், முழுக் கோப்பும் ரேமுக்கு நகலாகும். அடியிலுள்ள கோப்பை அழித்தால் இடம் மிச்சமாகாது. "இது இல்லை" என்ற அடையாளம் மட்டும் மேலடுக்கில் பதியும், கோப்பு தட்டிலேயே இருக்கும். இடம் போதவில்லை என்று ஏற்கெனவே உள்ள மென்பொருள்களை நீக்கிப் பார்ப்பவருக்கு ஒரு எம்பிகூடத் திரும்பாதது இதனால்தான்.

மேலடுக்கு அமர்வது டிஎம்பிஎஃப்எஸ் என்ற ரேம் கோப்பு முறைமையில். வேறெதுவும் சொல்லாவிட்டால் அதன் உச்சவரம்பு ரேமில் பாதி. 1 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் அது 512 எம்பி. எழுத எழுதத்தான் அது நிரம்பும், முன்கூட்டியே எடுத்துக்கொள்ளாது. ஆனால் எழுதியவை நிரம்பிவிட்டால் பிரவுசரும் லிப்ரே ஆபிஸும் மீதிப் பாதிக்குள் மூச்சுத் திணறும். வரம்பை உயர்த்தலாம், அதற்காக ரேம் கூடாது. லைவ் நிலையில் மொத்த மேம்படுத்தலைத் தட்டிவிடுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். ஒவ்வொரு புதிய பதிப்பும் ரேமைத் தின்னும், பழையது தட்டில் அப்படியே கிடக்கும், அணைத்ததும் பட்ட பாடெல்லாம் போய்விடும்.

அணைத்தாலும் வேலை நிலைக்க வேண்டுமென்றால் மேலடுக்கைப் பென் டிரைவுக்கே மாற்ற வேண்டும். உபுண்டு இதற்காக 'காஸ்பர்-ஆர்டபிள்யூ' என்ற பெயருள்ள கோப்பையோ பகுதியையோ தேடியது. பிந்தைய பதிப்புகளில் பெயர் 'ரைட்டபிள்'. எஃப்ஏடி32 டிரைவில் கோப்பாக வைத்தால் 4 ஜிபிக்கு மேல் போகாது. தனிப் பகுதி பிரித்தால் டிரைவில் மிஞ்சும் இடம் முழுவதையும் பயன்படுத்தலாம். ரேமும் பிரவுசருக்கும் லிப்ரே ஆபிஸுக்கும் மிஞ்சும்.